என்டர் பொத்தானுக்கு ஒரு பிரமுகர்

பரமேஸ்வரனைப் பற்றி எழுதும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. போன மாதம் எங்கள் வட்டாரத்து இந்தியர் சங்கம் ஒரு ஆண்டு மலர் போட்டது. அதில் "உழைப்பால் உயர்ந்த உத்தமர்" என்று தலைப்பிட்டு அவருடைய வாழ்க்கைக் குறிப்பை நடுப்பக்கத்தில் வண்ணத்தில் அச்சடித்திருந்தார்கள். மெயின்பிரேம் கணினி உலகில் மலாக்காத் தமிழரின் பெயரை நிலைநாட்டியவராம். நான்கு ராட்சதக் கணினிகளைத் தன் மதியூகத்தால் ஒன்றாக இணைத்துக் காட்டியவராம். படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அந்த மனிதருக்கு மெயின்பிரேமின் கதவை எந்தப் பக்கம் திறப்பது என்றுகூடத் தெரியாது. அதனால் மலரில் வராததை நான் எழுதுகிறேன்.

முதலில் நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். என் பெயர் ராகினி. மலாக்காவில் பத்து பெரண்டாம் என்ற இடத்தில், விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில், வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்துகொடுக்கும் கணினி மையம் இருக்கிறது. அங்கே நான் சிஸ்டம் புரோகிராமர். ஆறு வருடமாக ஒப்பந்தத்தில்தான் இருந்தேன். ஒவ்வொரு டிசம்பரிலும் கடிதம் வருமா வராதா என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஜனவரியில் நேற்றுச் சேர்ந்தவள் மாதிரி மறுபடியும் அடையாள அட்டைக்குப் படம் எடுத்துக்கொள்வேன். போன வருடம்தான் ஒரு நிரந்தர இடம் காலியானது. எனக்கு நாற்பத்தொரு வயது. அதை விட்டால் இனி ஒருவரும் என்னைக் கூப்பிட்டு நிரந்தர வேலை தரப்போவதில்லை. அதற்கான விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் பரமேஸ்வரன். அந்தக் கையெழுத்துக்காக நான் என்னவெல்லாம் செய்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அவர் புலாவ் செபாங் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். மலாக்காவை உருவாக்கிய ராஜாவின் பெயர்தான் தன் பெயர் என்று புதிதாக யார் வந்தாலும் சொல்வார். மலாய்க்காரர் வந்தால் மலாயிலும் சீனர் வந்தால் ஆங்கிலத்திலும் சொல்வார். உண்மையில் அவருடைய அப்பா அந்தப் பெயரைத் தன் அப்பாவின் ஞாபகமாக வைத்தார். அந்தப் பெரியவர் அதே தோட்டத்தில் ரப்பர் பால்மரம் சீவியவர். ராஜாவுக்கும் அவருக்கும் எந்த ஒட்டும் உறவும் கிடையாது. இதை எனக்குச் சொன்னவர் அங்கமுத்து அண்ணன்.

அங்கமுத்து அண்ணனும் பரமேஸ்வரனும் ஒரே தோட்டம், ஒரே லயத்து வீட்டு வரிசை, தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சு. முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் ஒரே நாளில் எங்கள் மையத்தில் டேப் மாட்டுகிற வேலைக்குச் சேர்ந்தார்கள். அப்போது டேப் என்றால் தகவல்களைப் பதிந்துவைக்கும், சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு சக்கரம். அதை அலமாரியிலிருந்து எடுத்துப்போய் மெஷினில் மாட்ட வேண்டும். அங்கமுத்து அண்ணன் மாட்டிக்கொண்டே கன்சோல் திரையில் ஓடும் வரிகளைப் படிக்கக் கற்றுக்கொண்டார். பரமேஸ்வரன் மேலதிகாரிகளின் பிறந்தநாள்களை மனப்பாடம் செய்துகொண்டார். இப்போது ஒருவர் டிபார்ட்மென்ட் மேனேஜர். இன்னொருவர் ஐம்பத்து நான்கு வயதில் கன்சோலிலேயே இருந்தார். நடுவில் கம்பெனி கைமாறியபோது பழைய ஆப்பரேட்டர்களை நிரந்தர வேலையிலிருந்து ஒப்பந்தத்துக்கு மாற்றினார்கள். யார் யாரை மாற்றுவது என்ற பட்டியலைத் தயாரித்துக் கொடுத்தவர் பரமேஸ்வரன். அதற்கு மறுநாள் அங்கமுத்து அண்ணனைக் கூப்பிட்டு, இனிமேல் ஆபீசில் பரமு என்று கூப்பிடக் கூடாது, சார் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொன்னாராம். அண்ணனும் அப்படியே கூப்பிட்டார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

இந்த முப்பத்தைந்து வருடத்தில் பரமேஸ்வரன் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று, விழா நடத்துவது. புது ஏர்கான் வந்தாலும் விழா, பழைய கதவுக்குப் பெயின்ட் அடித்தாலும் விழா. ஒரு பேனர், ஒரு ரிப்பன், ஒரு மாலை, ஒரு பொன்னாடை, ஒரு பிரமுகர், கடைசியில் பேப்பர் தட்டில் மீ கோரேங் நூடுல்ஸ். எந்த நேரத்தில் டத்தோ பட்டம் வாங்கிய எவர் எதிரில் வருவாரோ என்று அவருடைய கார் பூட்டில் எப்போதும் நான்கு பொன்னாடைகள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கும். புக்கிட் காத்திலில் அவருடைய வீட்டு ஹாலுக்கு ஒருமுறை தீபாவளிக்குப் போயிருந்தேன். சுவரில் ஆணியடிக்க இடமில்லை. எந்தப் படத்தைப் பார்த்தாலும் பட்டம் வாங்கிய யாரோ ஒருவர் நடுவில் நிற்கிறார். பக்கத்தில் இவர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். மனைவி மக்களோடு எடுத்த படம் சமையலறைக்குப் போகிற வழியில் இருந்தது.

ஒரு தடவை புது பிரின்டருக்குக் குத்துவிளக்கு ஏற்றினார். ஐந்து திரி, நல்லெண்ணெய், போதாதென்று ஒரு கட்டு ஊதுபத்தி. கூரையிலிருந்த புகை அலாரத்துக்கு டத்தோவையும் தெரியாது, தமிழர் பண்பாட்டையும் தெரியாது. அது கத்த ஆரம்பித்ததும் மூன்று மாடிக்காரர்களும் இறங்கிப்போய் வெயிலில் நின்றோம். தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. இவர் என்ன செய்தார் தெரியுமா? வந்திறங்கிய தீயணைப்பு அதிகாரிக்கும் ஒரு பொன்னாடை போட்டார். தம்புசாமி அதையும் படம் எடுத்தார். தம்புசாமி என்பவர் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவர், எங்கள் பரமேஸ்வரனின் நிழல்.

சரி, வேலை விஷயத்துக்கு வருகிறேன். போன வருட ஆரம்பத்தில் கோலாலம்பூர் தலைமை அலுவலகம் ஒரு உத்தரவு போட்டது. எங்களிடம் இருந்த நான்கு மெயின்பிரேம்களும் டேப் டிரைவ்களையும் டிஸ்க்குகளையும் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள வேண்டும், அதற்கான மென்பொருளைப் போட வேண்டும் என்று.

இது எப்படிப்பட்ட வேலை என்று கோயில் அண்டாவை வைத்துச் சொன்னால்தான் புரியும். கோயிலில் ஆறு அண்டா இருக்கிறது, நான்கு வீட்டில் விசேஷம் என்று வையுங்கள். எந்த அண்டா எந்த வீட்டில் இருக்கிறது என்று கோயிலில் ஒரு பொதுப் பலகையில் எழுதியிருக்கும். அதோடு ஒவ்வொரு வீட்டிலும், நம்மிடம் இருப்பது எது, அடுத்தவர் வீட்டிலிருந்து தொடக் கூடாதது எது என்று தனியாக ஒரு சீட்டு எழுதி வைத்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் திடீரென்று மயங்கி விழுந்து எழுந்தால் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் நிதானத்துக்கு வருவார். அந்தச் சீட்டுக்குத்தான் செக்பாயின்ட் பைல் என்று பெயர். மெஷின் ஒன்றுக்கு ஒரு பைல். ஒருவர் சீட்டில் இன்னொருவர் கைவைக்கக் கூடாது. பொதுப் பலகை இருக்கும் டிஸ்க்கிலேயே சீட்டுகளையும் வைக்கக் கூடாது, அந்த டிஸ்க் போனால் எல்லாம் சேர்ந்து போகும். இன்னொன்று முக்கியம். பைலை முதல்முதலாகப் பயன்படுத்தும் முன் ஒரே ஒரு தடவை சுத்தமாகத் துடைத்துக் கோடு போட வேண்டும். அதற்கு பார்மட் என்று பெயர். மென்பொருள் ஓட ஆரம்பித்த பிறகு யாராவது மறுபடி பார்மட் செய்தால் சீட்டு வெறும் தாளாகிவிடும்.

மூன்று மாதம் இதில் உட்கார்ந்தேன். எந்த டிஸ்க்கில் நெரிசல் குறைவு என்று அங்கமுத்து அண்ணன் வாயாலேயே சொல்வார், நான் அளந்து பார்ப்பேன், அவர் சொன்னது சரியாக இருக்கும். பரமேஸ்வரன் இதில் செய்த வேலை இரண்டு. முதலாவது, நான்கு பைல்களையும் ஏன் தனித்தனியாக வைத்து இடத்தை வீணாக்க வேண்டும், ஒன்றாகப் போட்டால் பார்க்க அழகாக இருக்குமே என்று கேட்டார். விளக்கினேன். சரி சரி, நீ பார்த்துக்கொள் என்று போய்விட்டு, அடுத்த வாரம் கோலாலம்பூர்க் கூட்டத்தில் பைல்களைப் பிரித்து வைத்தது தன் யோசனை என்று அரை மணி நேரம் பேசினார். இரண்டாவது, பைல்களுக்குத் தன் பெயரை வைக்கச் சொன்னார். பெயரின் ஒரு பகுதிக்கு எட்டு எழுத்துக்கு மேல் இடமில்லை என்றேன். முகம் வாடிப்போனது. பாதியாவது வை என்றார். அவர் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் எட்டாவது எழுத்தில் 'பரமேஸ்வ' வரைக்கும் வருகிறது. வைத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் வைத்தேன். என் பாரம் அவருடைய மேசை டிராயரில் கையெழுத்தில்லாமல் கிடந்தது.

பிறகுதான் அவர் அந்தப் பெரிய யோசனையோடு வந்தார். இவ்வளவு பெரிய வேலையைச் சும்மா ஆரம்பிக்கக் கூடாதாம். டத்தோ கதிரேசுவைக் கூட்டிவந்து அவர் கையால் என்டர் பொத்தானை அழுத்தவைத்து ஆரம்பிக்க வேண்டுமாம். டத்தோ கதிரேசு எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் வைத்திருப்பவர். நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். கோயில் திருப்பணி என்றால் முதலில் கொடுப்பவர். ஆனால் அவருக்கும் கணினிக்கும் என்ன சம்பந்தம்? அடுத்த வருடம் சங்கத் தலைவர் தேர்தலுக்கு டத்தோவின் ஆதரவு பரமேஸ்வரனுக்குத் தேவை. அதுதான் சம்பந்தம்.

எங்கள் மெஷின் அறைக்குள் வெளியாள் நுழையக் கூடாது. கதவில் மூன்று மொழியில் எழுதி ஒட்டியிருக்கிறது. அதற்கும் பரமேஸ்வரன் ஒரு வழி வைத்திருந்தார். வருகைப் பதிவேட்டில் டத்தோவையும் தம்புசாமியையும் ஏர்கான் ரிப்பேர்காரர்கள் என்று எழுதினார். ஒரு டத்தோவுக்குப் பொன்னாடை போட்டு, அதே மூச்சில் அவரை ஏர்கான் ரிப்பேர்காரராக்கிய ஒரே மனிதர் இவராகத்தான் இருக்கும்.

டத்தோவுக்காக நான் ஒரு தனித் திரை செய்ய வேண்டியிருந்தது. நட்சத்திரக் குறிகளால் ஒரு தாமரை, அதன் கீழே டத்தோவின் பெயர், அதன் கீழே "என்டரை அழுத்தவும்" என்று ஒரு வரி. அழுத்தியதும் பார்மட் வேலை ஓடும். ஒவ்வொரு தடவை அழுத்தினாலும் ஓடும், முதல் தடவைக்குப் பிறகு நான் திரையை மூடிவிடுவதாக ஏற்பாடு. அந்த வேலைக்கு ஒரு பூட்டும் உண்டு. பைலை வேறு யாராவது பயன்படுத்திக்கொண்டிருந்தால் பார்மட் ஓடாமல் வரிசையில் காத்து நின்றுவிடும். ஒத்திகையில் அப்படி ஒரு முறை நின்றுவிட்டது. பரமேஸ்வரனுக்கு வியர்த்துவிட்டது. டத்தோ நிற்கும்போது வேலை நிற்கக் கூடாது, அந்தப் பூட்டை எடு என்றார். அது எதற்காக இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னேன். அவர் டிராயரைத் திறந்து, என் பாரத்தை எடுத்துப் பார்த்து, மறுபடி உள்ளே வைத்தார். பூட்டை எடுத்தேன்.

விழா ஒரு புதன்கிழமை காலை பத்தரைக்கு. விசைப்பலகைக்கு மஞ்சள், என்டர் பொத்தானுக்குக் குங்குமம். நான் அந்தப் பொத்தானை அப்புறம் ஒரு மாதம் துடைத்தேன், குங்குமம் சந்தில் போய்விட்டது. டத்தோ மாலையும் பொன்னாடையுமாக உட்கார்ந்து, விரலை நீட்டி அழுத்தினார். ஆறு வினாடியில் பார்மட் முடிந்தது. கைதட்டினார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கன்சோல் அறையிலிருந்த அங்கமுத்து அண்ணன் நான்கு மெஷின்களிலும் மென்பொருளை ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்பினார். கால் மணி நேரத்தில் நான்கும் சேர்ந்து ஓட ஆரம்பித்தன. அந்த நிமிடம் எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. மூன்று மாத வேலை ஒரு பிசிறில்லாமல் ஓடியது.

திரையை மூடப் போனேன். பரமேஸ்வரன் கையை ஆட்டி என்னை விரட்டினார். "ராகினி, கொஞ்சம் தள்ளிக்க லா, படத்துல விழற."

தள்ளிப்போனேன். அதற்குப் பிறகு பேச்சு. தமிழன் கடாரம் கண்டதிலிருந்து ஆரம்பித்து பரமேஸ்வரன் நாற்பது நிமிடம் பேசினார். நடுவில் என்னை மீ கோரேங் எடுத்துவைக்க அனுப்பினார். பதினெட்டு வருட அனுபவமுள்ள சிஸ்டம் புரோகிராமர் நான் பான்ட்ரியில் பேப்பர் தட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது, உள்ளே தம்புசாமி கேமராவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எடுத்த எல்லாப் படத்திலும் டத்தோவின் கண் மூடியிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். கல்யாண வீட்டில் தாலி கட்டியதைப் படத்துக்காக மறுபடி கட்டச் சொல்கிற மாதிரி, மறுபடியும் அழுத்தச் சொல்லியிருக்கிறார்கள். டத்தோ பாவம், கண்ணை அகல விரித்துக்கொண்டு மூன்று தடவை அழுத்தியிருக்கிறார். தாமரை இன்னும் திரையில்தான் இருந்தது. பூட்டு இல்லை. ஓடிக்கொண்டிருந்த நான்கு மெஷின்களின் செக்பாயின்ட் பைல்களும் மூன்று தடவை துடைக்கப்பட்டன.

அங்கமுத்து அண்ணன் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டார். கண்ணாடியைத் தட்டியிருக்கிறார். பரமேஸ்வரன் திரும்பிப் பார்த்து, இந்த ஆளும் படத்தில் நிற்க ஆசைப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டு, அப்புறம் அப்புறம் என்று கைகாட்டியிருக்கிறார். அண்ணன் சுற்றிக்கொண்டு கதவு வழியாக வந்து சொன்னதற்கு, விருந்தாளி முன்னால் மூக்கை நுழைக்காதே என்று பதில். அதன்பின் அண்ணன் பான்ட்ரிக்கு வந்து என்னிடம் சொன்னார். கரண்டியைப் போட்டேன். பரமேஸ்வரனைத் தேடி ஓடினேன். நான்கு மெஷின்களையும் பத்து நிமிடம் நிறுத்திச் சரியாகக் கிளப்ப அனுமதி கேட்டேன். டத்தோ இருக்கும்போது எப்படி நிறுத்துவது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், இப்போது ஓடுகிறதல்லவா என்றார். ஓடத்தான் செய்தது. மெஷின் விழாத வரைக்கும் யாரும் சீட்டைப் பார்ப்பதில்லை.

மத்தியானம் இரண்டரைக்கு மூன்றாவது மெஷின் விழுந்தது. அது பழைய மெஷின், எப்போதாவது படுத்துக்கொள்ளும், எழுப்பினால் எழுந்துகொள்ளும். எழுந்தது. தன் சீட்டைப் பார்த்தது, வெறும் தாள். தனக்கு எந்தத் தடையும் இல்லை என்று நினைத்துக்கொண்டு, இரண்டாவது மெஷின் எழுதிக்கொண்டிருந்த டேப்பைப் பிடுங்கி, முதலிலிருந்து சுற்றி, அதன்மேல் தன்னுடையதை எழுத ஆரம்பித்தது. அடியில் இருந்தது ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஜனங்களின் இன்சூரன்ஸ் விண்ணப்பங்கள். அங்கமுத்து அண்ணன்தான் கன்சோலில் ஓடிய ஒரு வரியைப் பார்த்துச் சந்தேகப்பட்டார். யாரையும் கேட்காமல் நான்கு மெஷின்களையும் நிறுத்தினார். அவர் நிறுத்தியிருக்காவிட்டால் ஒரு வாரத்து விண்ணப்பங்கள் போயிருக்கும். சாரிடம் கேட்டிருக்க வேண்டாமா என்று பிறகு சிலர் கேட்டார்கள். சார் எங்கே இருந்தார்? டத்தோவை வழியனுப்பப் போனவர் அப்படியே புக்கிட் காத்தில் வீட்டுக்குப் போய்க் கைப்பேசியை அணைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

நானும் அண்ணனும் இருட்டும்வரை உட்கார்ந்து சரிசெய்தோம். ஒரு நாள் விண்ணப்பங்கள் போனது போனதுதான். வாடிக்கையாளர் கம்பெனி கோபப்பட்டது. விசாரணை வந்தது.

விசாரணை என்றால் யாரோ கோட்டுப் போட்டுக்கொண்டு வருவார்கள் என்று நினைத்தேன். ஒரு இணையப் பாரம்தான் வந்தது. தொழில்நுட்பப் பொறுப்பாளர் நான் என்பதால் நான் நிரப்ப வேண்டும். பார்மட் வேலையை மறுபடி ஓட்டியவர் யார் என்று ஒரு கட்டம். அதில் பெயர் எழுத முடியாது, அன்றைக்கு அறையிலும் கன்சோலிலும் இருந்த ஊழியர் எண்களில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். என் எண், அங்கமுத்து அண்ணன் எண், பரமேஸ்வரன் எண். தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அழுத்தியது வெளியாள் என்றேன். எடுத்த பெண் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, வெளியாள் என்று ஏர்கான் ரிப்பேர்காரர்கள் இரண்டு பேர்தானே வந்திருக்கிறார்கள், அவர்கள் ஏன் கணினியைத் தொடப்போகிறார்கள் என்று கேட்டாள். இருக்கிற மூன்றில் ஒன்றைப் போடுங்கள், இல்லாவிட்டால் பாரம் நகராது என்றாள்.

பரமேஸ்வரன் எண்ணைப் போட்டேன். நடந்ததையெல்லாம் கீழே எழுதினேன், பூட்டை எடுத்தது நான் என்பதையும் சேர்த்து. அந்த ஒரு நாள் நான் யோக்கியமாக இருந்தேன்.

நான் அனுப்பிய பாரம் அடுத்து யாருடைய ஒப்புதலுக்குப் போகும்? டிபார்ட்மென்ட் மேனேஜருக்கு. அதாவது, பரமேஸ்வரனுக்கு.

மறுநாள் கூப்பிட்டார். கத்துவார் என்று நினைத்துப் போனேன். கத்தவில்லை. உட்காரச் சொன்னார், தே தாரேக் டீ வரவழைத்தார். திரையை என் பக்கம் திருப்பினார். கட்டத்தில் அங்கமுத்து அண்ணன் எண் இருந்தது. நான் எழுதியிருந்ததெல்லாம் போய், கன்சோல் ஆப்பரேட்டர் கவனக்குறைவாகப் பழைய வேலையை மறுபடி ஓட்டிவிட்டார், பிறகு அனுமதியின்றி மெஷின்களை நிறுத்தினார் என்று இரண்டு வரி. திருத்தத்துக்குத் தொழில்நுட்பப் பொறுப்பாளர் சம்மதம் வேண்டும் என்று கீழே ஒரு பொத்தான். மேசையின் இந்தப் பக்கம் என் நிரந்தர வேலைப் பாரம், மேலே அவருடைய பேனா.

"எல்லாமே உன் ஐடியிலதான் ஓடியிருக்கு ராகினி. நான் உன் நம்பரப் போட்டிருக்கலாம், போடல. அதக் கொஞ்சம் நெனச்சுப் பாரு."

அங்கமுத்து அண்ணனுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். நம் ஆள்தானே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அந்த முகத்தைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. வெட்கம், மானம், சூடு, சொரணை எதுவும் இல்லாத முகம். அதைப் பார்த்துக்கொண்டே நான் எல்லாவற்றையும் யோசித்தேன். தம்புசாமியிடம் போய்ப் படங்களை வாங்கலாம். டத்தோவிடமே போய்க் கேட்கலாம், அவர் நல்ல மனிதர், உண்மையைச் சொல்லியிருப்பார். எழுந்து வெளியே போய்விடலாம். இதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றாகத் தோன்றியது, ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்தேன். அடுத்த டிசம்பரை நினைத்தேன். சம்மதம் என்ற பொத்தானை அழுத்தினேன். அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். தே தாரேக் ஆறிப்போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பரமேஸ்வரன் பார்த்துக்கொண்டதெல்லாம் இவ்வளவுதான்: அங்கமுத்து அண்ணனின் ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியோடு முடிந்தது. முப்பத்தைந்து வருடத்துக்கு ஒரு விழாவும் வைக்கவில்லை, ஒரு பொன்னாடையும் போடவில்லை. அவருக்குப் பொன்னாடை போட்டு எந்தத் தேர்தலில் ஜெயிக்க?

மாதக் கடைசி வரைக்குமான அந்த மூன்று வாரமும் நான் அண்ணன் இருக்கும் பக்கமே போகவில்லை. அவர் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து என் இடத்திலேயே இருந்துவிடுவேன். அவர் கன்சோலிலிருந்து ஏதாவது கேட்டு அனுப்பினால் எழுத்தில் பதில் அனுப்புவேன். பரமேஸ்வரனைத் திட்டுவது மட்டும் குறையவில்லை. பான்ட்ரியில், பஸ்ஸில், வீட்டில், கேட்கிறவர்களிடமெல்லாம் அந்த ஆளைக் கிழித்துத் தோரணம் கட்டினேன். திட்டத் திட்ட மனம் லேசாக இருந்தது.

கடைசி நாள் மாலை அண்ணனே என் மேசைக்கு வந்தார். பெர்மனன்ட் ஆகிவிட்டதாமே, சந்தோஷம் என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, அவருக்குக் கிண்டல் வராது. உடனே பரமேஸ்வரனைத் திட்ட ஆரம்பித்தேன். அந்த ஆள் எப்படி மிரட்டினான், எப்படி டீ வாங்கிக் கொடுத்துக் கழுத்தறுத்தான், எவ்வளவு கேவலமானவன் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"பரமு செஞ்சதுல எனக்கு வருத்தமே இல்லம்மா. சின்னப் புள்ளையிலேருந்து அவன் அப்படித்தான், தெரிஞ்சதுதான். ஒன்னயத்தான் எனக்குத் தெரியாமப் போச்சு."

கன்சோல் அறைச் சாவியை என் மேசையில் வைத்துவிட்டு, வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு போனார். நான் எழுந்து நிற்கக்கூட இல்லை.